சமயநல்லூர் வயிற்றுப்போக்கு வழக்கு

காலை எட்டே முக்காலுக்கு டாக்டர் மைத்ரேயி ஆய்வகத்தின் ஃப்ரிட்ஜைத் திறந்தார். நடுத்தட்டு காலியாக இருந்தது. மூடினார். மறுபடி திறந்தார். அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

"பாண்டியராஜன்! என் சாம்பிள் எல்லாம் எங்கே?"

லேப் டெக்னீஷியன் பாண்டியராஜன் வாசலில் நின்றான். முப்பது வயது. இயல்பிலேயே ஒல்லி, இந்த வாரம் இன்னும் ஒல்லி.

"நேத்து சாயந்திரம் பூட்டும்போது இருந்துச்சு மேடம். காலையில வந்து பாத்தா இல்ல" என்றான்.

சமயநல்லூரில் நெடுஞ்சாலையோரம் இருந்த சிறிய தனியார் மருத்துவமனை அது. அரை மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அஸ்வினி இறங்கினாள். பின்னால் ஏட்டு முத்திருளன், கையில் பேனாவோடு.

"என்ன காணாமப் போச்சு டாக்டர்?"

"நோயாளிகளோட மலம்" என்றார் மைத்ரேயி.

முத்திருளனின் பேனா அந்தரத்தில் நின்றது. "மேடம், இதை எஃப்.ஐ.ஆர்ல எப்படி எழுதுறது? களவு போன சொத்துன்னா?"

"சிரிக்காதீங்க ஏட்டையா. அவங்க முகத்தைப் பாருங்க" என்றாள் அஸ்வினி.

மைத்ரேயியின் முகத்தில் சிரிப்பு இல்லை. மதுரையின் தல்லாகுளத்திலிருந்து வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து சாம்பிள்களை மதுரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகிறவர் அவர். வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு வைரஸ் காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"வயித்தால போனா எல்லாரும் முதல்ல சாப்பாட்டைத்தான் திட்டறோம். பாதி நேரம் அது தப்பு. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் ஒண்ணு கைக்குக் கை தாவிட்டு இருக்கும். அதை எண்ணிப் பார்க்கணும்னுதான் இவ்வளவு பாடு" என்றார். "ஆனா இந்த வாரச் சாம்பிள் வெறும் ஆராய்ச்சி இல்ல. ஒரு பொண்ணோட பிழைப்பு அதுல இருக்கு."

அந்தப் பெண் முனீஸ்வரி. மருத்துவமனைக்கு எதிர்ச் சாரியில் மெஸ் நடத்துகிறவள். அயிரை மீன் குழம்பில் பேர் வாங்கியவள். போன வாரம் ராமக்காள் என்பவர் வீட்டில், பேரக்குழந்தையைத் தொட்டிலில் போடும் விசேஷம். கறிச்சோறு முனீஸ்வரியின் சமையல். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் விருந்துக்கு வந்தவர்களில் ஒரு கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஊர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டது: கறி கெட்டுப் போயிருந்தது. ரிப்போர்ட் வரும் வரை கடையைத் திறக்கக்கூடாது என்று அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள்.

"விருந்துக்கு வந்தவங்க சாம்பிள் மட்டுந்தானா அதுல இருந்தது?" அஸ்வினி கேட்டாள்.

"அந்தத் தொட்டில் குழந்தையோடதும் இருந்தது. விசேஷத்தன்னிக்குக் காலையிலயே அதைத்தான் முதல்ல தூக்கிட்டு வந்தாங்க. வெளியூர்ல இருந்து வந்த அலுப்புன்னு நினைச்சிருக்காங்க. மருந்து வாங்கிட்டு நேரா விசேஷத்துக்குப் போயிட்டாங்க."

"குழந்தைக்கு என்ன வயசு?"

"மூணு மாசம்."

அஸ்வினி தலையசைத்துக்கொண்டாள். "சாம்பிள் வெளியில எம்புட்டு நேரம் தாங்கும்?"

"ஐஸ்ல இருந்தா கவலையில்ல. இந்த வெயில்ல பொழுது சாயறவரைக்கும் கிடந்துதுன்னா, அப்புறம் அதை நம்பி நான் எதுவும் சொல்ல முடியாது."

ஆய்வகம் சிறிய அறை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு: ஒன்று பாண்டியராஜனிடம், மற்றது மேலாளர் ராஜாராமன் அறையில் ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வராந்தாவில் கேமரா இருந்தது.

"அது ஒரு மாசமா ஓடலை" என்றார் ராஜாராமன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், எதற்கும் பதறும் சுபாவம். "மேடம், இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? ரிப்போர்ட் வந்தா யாருக்கு நஷ்டமோ அவங்கதான். எதிர்ல கடை. ரோட்டைத் தாண்டினா லேப். பாருங்கோ, ஃப்ரீசர்ல ஐஸ் பேக் எல்லாம் அப்படியே இருக்கு. ஐஸ் இல்லாம எடுத்துண்டு போயிருக்கா. கெட்டுப் போகட்டும்னுதானே?"

ஐஸ் பேக்குகள் அப்படியேதான் இருந்தன. விலையுயர்ந்த பரிசோதனைக் கிட்டுகளையும் யாரும் தொடவில்லை. அஸ்வினி குனிந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் கையகல ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தாள். அந்த ஈரத்தின் ஓரத்தில் ஒரு மல்லிகை மொட்டு கிடந்தது; வெள்ளை வெளேரென்று, வாய் திறக்காமல்.

"என் தலையில இருந்து விழுந்திருக்கும் மேடம்" என்றாள் நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் தாமரைச்செல்வி. "சாம்பிள் வைக்க ராத்திரி நானும் ரெண்டு தடவை வந்தேன். அப்பக்கூட எல்லாம் இருந்துச்சு."

அவள் கொண்டையில் முந்தின நாள் மாலை வைத்த சரம். பூக்கள் முழுதாக விரிந்து, விளிம்பு பழுத்திருந்தது. அஸ்வினி மொட்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

வரவேற்பறைப் பிள்ளையார் படத்தில் புதுச் சரம் மணத்தது. "தினமும் பூ வாங்குறீங்களா சார்?"

"நாங்க எங்க வாங்கறோம்? பாண்டியராஜனோட மாமா தங்கப்பாண்டி பூ வியாபாரி, ஷெட் போட்டு வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பறார். இவன் வரும்போது ஒரு முழம் கொண்டுவந்து போட்டுடுவான். நல்ல பையன்."

எதிர்ச் சாரியில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே முனீஸ்வரி, ஏற்கெனவே பளபளத்த அண்டாவை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். முத்திருளன் அண்ணே, அந்த பெஞ்சுல உக்காருங்க."

"சாம்பிள் காணாமப் போனது தெரியுமா?"

"ஊரே சொல்லுது, நான்தான் எடுத்தேன்னு. மேடம், அந்த ரிசல்ட்டுக்குத்தான் நான் காத்துக்கிட்டுக் கெடக்கேன். அதை நானே திருடுவேனா?"

"ரிசல்ட் உனக்கு எதிரா வந்துட்டா?"

"வராது." தேய்ப்பதை நிறுத்தினாள். "கறிய நான்தான் கழுவுனேன், நான்தான் வேகவச்சேன். மிச்சத்த நானும் எங்கம்மாவுந்தான் தின்னோம். இந்தா, ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்."

"ஐஸ் பெட்டி வச்சிருக்கியா?"

மீனுக்கான பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் முத்திருளன் பெஞ்சில் நாலடி தள்ளி உட்கார்ந்தார். கழுவிக் கழுவியும் போகாத மீன் வாடை. உள்ளே ஈரமே இல்லை.

"ஆஸ்பத்திரியில யார் யாரு பழக்கம்?"

"ராஜாராமன் அண்ணே சைவம், ஊறுகா மட்டும் வாங்குவாரு. கம்பவுண்டர் அண்ணே, வாட்ச்மேன் அண்ணே எல்லாரும் காலையில இட்லிக்கு வருவாங்க. அப்பறம் லேப்புல இருக்காருல்ல, அவரு. மூணு வேளையும் இங்கதான்." அண்டாவை வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். "கடை மூடுனதுல இருந்து எங்க சாப்புடுறாரோ, என்னவோ."

ஜீப்பில் ஏறியதும் அஸ்வினி கேட்டாள். "ஏட்டையா, அந்த விசேஷத்துக்கு நீங்க போனீங்களா?"

முத்திருளன் நெளிந்தார். "சொந்தக்காரங்க வீடு மேடம். போகலைன்னா கோச்சுக்குவாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு பந்தியிலயும் உக்காந்தேன்."

"வயிறு?"

"கல்லாட்டம் இருக்கு."

"குழந்தையத் தூக்கிக் கொஞ்சினீங்களா?"

"அய்யய்யோ! பச்சப்புள்ளன்னா எனக்குப் பயம் மேடம். சட்டையில ஒண்ணுக்குப் போயிருச்சுன்னா? மத்தவங்கதான் போட்டி போட்டுக்கிட்டுத் தூக்குனாங்க. ஒரு நேரம் பாத்தா அது பந்தி நடுவுல கைக்குக் கை போகுது. கக்கா போயிருச்சுன்னு ஒருத்தர் முந்தானையில தொடச்சு அடுத்தவங்க கையில குடுக்குறாங்க."

அஸ்வினி சிரித்தாள். காலையிலிருந்து அது முதல் சிரிப்பு. "வண்டியத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்கே போவோம்."

பதினோரு மணி. மேலாளர் அறையில் எல்லாரும் நின்றார்கள். அஸ்வினி மேசை மேல் காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே மொட்டு.

"ராஜாராமன் சார், திருடினவங்க ஐஸ் பேக்கைத் தொடலைன்னு சொன்னீங்க. சரிதான். ஏன்னா அவங்க கையோட ஐஸ் கொண்டுவந்தாங்க. தரையில ஈரம் இருந்துச்சு. ராத்திரி சிந்தியிருந்தா காலையில காய்ஞ்சிருக்கும். ஆக, திருட்டு நடந்தது விடிஞ்சப்புறம். கெட்டுப் போகட்டும்னு நினைக்கிறவங்க ஐஸ் கொண்டுவருவாங்களா? எடுத்தவங்களுக்கு அதை ஒளிச்சு வைக்கணும், ஆனா பாழாக்க மனசில்ல."

"மீன் பெட்டி..." ராஜாராமன் ஆரம்பித்தார்.

"அந்தத் தண்ணியில மீன் வாடை இல்ல சார். முனீஸ்வரி பெட்டியத் திறந்தா ஏட்டையா தெருவுக்கு ஓடுறாரு." அஸ்வினி மொட்டைத் தொட்டாள். "இதை எல்லாரும் பாத்தோம், யாரும் யோசிக்கல. நர்ஸம்மா தலையில இருக்கிறது நேத்துப் பறிச்ச பூ, ராத்திரியே விரிஞ்சிருச்சு. இது இன்னும் மொட்டு. இன்னிக்கு விடிகாலையில பறிச்சது. அதைவிட முக்கியம், இதுல நார் கட்டின தடம் இல்ல. உதிரிப்பூ. உதிரியா யாரும் தலையிலயும் வைக்கிறதில்ல, இங்க பிள்ளையாருக்கும் சரமாத்தான் போடுறாங்க. மல்லிகைய உதிரியா ஐஸோட சேத்து வைக்கிறது ஒரே இடத்துலதான். வெளிநாட்டுக்கு அனுப்புற தெர்மாக்கோல் பெட்டியில."

அஸ்வினி திரும்பினாள்.

"பாண்டியராஜன், உங்க மாமா ஷெட்டுல பூப்பெட்டி எல்லாம் என்ன நிறம்?"

"வெள்ளை மேடம்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்தான். "நான்தான் எடுத்தேன்."

"பாண்டியராஜா!" ராஜாராமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்னு நான் சொல்லவா?" அஸ்வினி குரலைத் தணித்தாள். "முனீஸ்வரிக்கு இந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் அண்ணே. எங்க ஏட்டையாகூட அண்ணே. ஒருத்தர் மட்டும் 'அவரு'. அந்த 'அவரு' கடை மூடுனதுல இருந்து ஒழுங்காச் சாப்பிடலைன்னு உங்க சட்டை தொளதொளன்னு தொங்குறதப் பாத்தாலே தெரியுது."

பாண்டியராஜனின் காது சிவந்தது. "ரிப்போர்ட் அவங்களுக்கு எதிரா வந்துட்டா அந்தக் கடை மறுபடி திறக்காது மேடம். அதான் எடுத்துட்டேன். குப்பையில கொட்டிரலாம்னுதான் நினைச்சேன். ஆனா டாக்டரம்மா எத்தனை மாசமா இதுக்கு அலையிறாங்கன்னு எனக்குத் தெரியும். முடியல. ஐஸ் போட்டு மாமா ஷெட்டுல ஒரு மூலையில வச்சிருக்கேன்."

"போன் போடுங்க" என்றார் மைத்ரேயி. "இப்பவே."

ஸ்பீக்கரில் தங்கப்பாண்டியின் குரல் முழங்கியது. "என்ன மாப்ள? மூலையில இருந்த பெட்டியா? ஒண்ணு விட்டுப்போச்சேன்னு நான்தான் பாத்து ஏத்திவிட்டேன். இன்னிக்கு லோடு சார்ஜாவுக்கு. குட்டியானை வண்டி கெளம்பி நேரமாச்சே!"

மைத்ரேயி கண்ணை மூடிக்கொண்டார். "என் சாம்பிள் சார்ஜாவுக்குப் போகுதா?"

ஜீப் சீறிக் கிளம்பியது. முன்னால் அஸ்வினி, பின்னால் டாக்டரும் பாண்டியராஜனும். விமான நிலையத்துக்குப் போகிற வண்டி காளவாசல் சந்திப்பைத் தாண்டித்தான் ஆகவேண்டும். வழக்கமாகக் காளவாசல் நெரிசலைத் திட்டுகிற முத்திருளன், இன்று அது கலையக்கூடாதே என்று சத்தமாக வேண்டிக்கொண்டே ஓட்டினார்.

நெரிசல் கலையவில்லை. இரண்டு பஸ்களுக்கு நடுவே, நீலத் தார்ப்பாய் போட்ட குட்டியானை அசையாமல் நின்றது. அஸ்வினி ஜீப் நிற்கும் முன்பே குதித்தாள். டிரைவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"ஒண்ணும் இல்லண்ணே, பெட்டியத் திறந்து பாக்கணும்."

அத்தனையும் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள். முதல் பெட்டி: மல்லிகை. இரண்டாவது: மல்லிகை. ஒவ்வொரு மூடியாகத் திறக்கத் திறக்க, டீசல் புகை மண்டியிருந்த சந்திப்பில் பூவாசம் பரவியது. பைக்கில் இருந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். பஸ் ஜன்னலில் இருந்து ஒரு பெண், "எனக்கொரு கை பூ குடுங்க சார்" என்று மடியை ஏந்தினார். கடைசிப் பெட்டியில் மேலே ஐஸ், ஐஸுக்கு அடியில் இரட்டை உறை போட்டு இறுக்கிக் கட்டிய குப்பிகள்.

மைத்ரேயி உறை மாட்டிய கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தன. ஒரு மூடிகூடத் தளரவில்லை.

"இம்புட்டு வாசனையா உங்க சரக்கு என்னிக்காவது வந்திருக்கா டாக்டர்?" என்றார் முத்திருளன்.

மைத்ரேயி சிரித்தார். நடுரோட்டில், சுற்றிலும் ஹாரன் அலற, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். பாண்டியராஜன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் முடிவு வந்தது. மைத்ரேயி நேரே முனீஸ்வரியின் மெஸ்ஸுக்கே வந்தார். அஸ்வினி, முத்திருளன், ராஜாராமன் மூவரும் இருந்தார்கள். பாண்டியராஜன் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"நோரோ வைரஸ்" என்றார் டாக்டர். "குழந்தைகிட்டயும் அதே, விருந்துக்கு வந்தவங்ககிட்டயும் அதே. கெட்ட கறியில வர்ற கிருமி ஒண்ணுகூட இல்ல."

"ஆனா வைரஸ் சாப்பாட்டு வழியாவும் வரலாமே?" ராஜாராமன் விடவில்லை.

"வரலாம். அதுக்குத்தான் உங்க எஸ்.ஐ. மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க. அதைக் கேளுங்க."

அஸ்வினி பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். "முதல்ல நோய் வந்தது யாருக்கு சார்? குழந்தைக்கு. விசேஷத்தன்னிக்குக் காலையில. அப்போ அடுப்பே பத்த வைக்கல. அதுவும் மூணு மாசக் குழந்தை. அது எந்தப் பல்லை வச்சுக் கறிச்சோறு தின்னுச்சு?"

முத்திருளன் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு அந்தக் குழந்தையத் தூக்காதவங்க, கொஞ்சாதவங்க ரொம்பக் கம்மி. அப்படி ஒருத்தர் இந்தா இருக்காரு. ரெண்டு பந்தி சாப்பிட்டுட்டுக் கல்லாட்டம் இருக்காரு. தூக்கினவங்க கைய ஒழுங்காக் கழுவாம இலையில உக்காந்தாங்க. குற்றவாளி கறியில இல்ல சார், கையில இருந்தான்."

"குழந்தையும் தேறிடுச்சு, மத்தவங்களும் தேறிட்டாங்க" என்றார் மைத்ரேயி. "சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவியிருந்தா பாதிப் பேருக்கு வந்தே இருக்காது."

முனீஸ்வரி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அவள் அம்மா வந்து மகளின் தோளைத் தொட்டார். அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் விறுவிறுவென்று ஷட்டருக்கு வெளியே போனாள்.

"ஊரு சந்தேகப்பட்டுச்சு, சரி. அதிகாரிங்க சந்தேகப்பட்டாங்க, சரி. மூணு வேளையும் என் கையால தின்ன நீங்களுமா சந்தேகப்பட்டீங்க? கெட்டதாத்தான் வரும்னு நினைச்சுத்தான அதை எடுத்தீங்க?"

"சந்தேகம் இல்ல" என்றான் பாண்டியராஜன். "பயம்."

"ரெண்டும் ஒண்ணுதான்!" ஷட்டரைப் படாரென்று இழுத்துவிட்டாள். உள்ளே அவள் அம்மாவோடு மாட்டிக்கொண்ட நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாண்டியராஜன் மீது வழக்குப் போடவேண்டும் என்றார் ராஜாராமன். சாம்பிளுக்குச் சொந்தக்காரரான மைத்ரேயி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் சும்மா விடவில்லை. "திருடினதுக்கு நான் ஒரு தண்டனை தர்றேன்" என்றார். "ஊருக்குள்ள போய் உண்மையைச் சொல்லணும். ஒரு தெரு விடாம."

அன்று மாலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சமயநல்லூரைச் சுற்றி வந்தது. கறிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பாவத்துக்காக ராஜாராமனும் உள்ளே ஏற்றப்பட்டிருந்தார். மைக் பாண்டியராஜன் கையில்.

"அன்பார்ந்த சமயநல்லூர் பொதுமக்களே! போன வாரம் உங்களுக்கு வயித்தால போனதுக்குக் காரணம் நோரோ வைரஸ். முனீஸ்வரி மெஸ் சாப்பாட்டுல எந்தக் குத்தமும் இல்ல. ஆஸ்பத்திரியில சாம்பிளத் திருடுனது நான்தான். லேப் டெக்னீஷியன் பாண்டியராஜன். கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க!"

முதல் தெருவில் குரல் நடுங்கியது. மூன்றாவது தெருவில் பிள்ளைகள் ஆட்டோ பின்னால் ஓடி வந்தார்கள். ராமக்காள் வாசலுக்கு வந்து, தொட்டில் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். கடைசியாக ஆட்டோ மெஸ் வாசலுக்கு வந்தபோது சாலையின் இரு பக்கமும் கூட்டம். ஷட்டர் மேலே ஏறியிருந்தது. முனீஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாண்டியராஜன் எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னான். பிறகு நிறுத்தினான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"முனீஸ்வரி சாப்பாட்ட நான் சந்தேகப்பட்டது தப்பு. அவங்க நல்லா இருக்கணும்னு நினைச்சு அவங்களையே நம்பாமப் போயிட்டேன். இனிமே அவங்க சொன்னா அதுதான். அம்புட்டுத்தான்."

முனீஸ்வரி இறங்கி வந்தாள். அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். நாளைக்குக் காலையில கடை தெறக்கும். வாசல்ல சோப்பும் தண்ணியும் வச்சிருப்பேன். கழுவாம யாரு உள்ள வந்தாலும் இட்லி கெடையாது. போலீஸா இருந்தாலுஞ் சரி."

கூட்டம் கைதட்டியது. முத்திருளன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

அவள் மைக்கை இறக்கிவிட்டுப் பாண்டியராஜன் பக்கம் திரும்பினாள். அதை அணைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். ஆட்டோ மேலிருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் அதை நெடுஞ்சாலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

"நீங்க நாளைக்கு வரைக்கும் இருக்க வேணாம். இப்பவே உள்ள வாங்க. எங்கம்மா உங்ககிட்டப் பேசணுமாம். நாள் பாக்கணுமாம்."